யாரும் வைக்காத உருவம்

ஜோசஃபினுக்கு அந்தக் குரல் முதன்முதலில் ஹெட்ஃபோனில்தான் கேட்டது. வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பிற்பகல் ஷிஃப்ட். மதராஸுக்கு ஒரு லைன், ஹூப்ளிக்கு ஒரு லைன் என்று போர்டில் கயிறுகளைச் செருகிக்கொண்டிருந்தாள். நம்பர் கேட்கும் குரல்களுக்கு நடுவே ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

"ஜோசிக்கா, கதவைத் தெறக்கா."

ஏதோ லைன் கலந்துவிட்டது என்று நினைத்தாள். எதில் வருகிறது என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு கயிறாகப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் குரல் நிற்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அப்போதும் கேட்டது. அதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை. விழித்தபோது தரையில் கிடந்தாள். வாயெல்லாம் ரத்தம். சூப்பர்வைசர் அம்மாள் அவள் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தார்.

இதை அவள் பாமாவிடம் சொன்னது அறுபத்தொன்றாம் வருஷ மழைக்காலத்தில், பெங்களூரின் ஒரு மருத்துவமனை ஆராய்ச்சிப் பிரிவு வராந்தாவில். மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டும் இயந்திரம் அங்கே இருந்தது. அந்த அறைக்குப் போய்விட்டு வந்த ஜோசஃபினின் தலைமுடியில் மின்கம்பிகளை ஒட்டிய பசை இன்னும் காயாமல் இருந்தது. அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நீங்களும் டாக்டரா மேடம்?"

"இல்லை. நான் கணக்கு."

"என் தலைக்குள்ள என்னா கணக்கு?"

பாமாவுக்குச் சிரிப்பு வந்தது. கேள்வி நியாயமானதுதான். அவளும் அதையே கேட்டுக்கொண்டுதான் அந்த வேலைக்கு வந்திருந்தாள்.

பாமா ஒரு பெண்கள் கல்லூரியில் கணித விரிவுரையாளர். வயது முப்பத்தெட்டு. கணவர் சுந்தரேசன் இறந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. பசவனகுடியில் மாமியார் ஜகதாம்பாளோடு இருந்தாள். குழந்தை இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர் சீனிவாசராகவன், மூளை எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைக் கணக்காலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்ற பித்தோடு ஒரு கணித ஆசிரியரைக் கடனாகக் கேட்டபோது, கல்லூரி முதல்வர் பாமாவின் பெயரைக் கொடுத்தார். வாரத்தில் மூன்று நாள் அவள் மருத்துவமனைக்கு வந்தாள்.

டாக்டர் அவளுக்குக் கொடுத்த வேலையைச் சொல்வது எளிது, செய்வதுதான் கஷ்டம். மூளையில் இருப்பவை கோடிக்கணக்கான நரம்பணுக்கள். ஒவ்வொன்றும் செய்வது ஒரே காரியம். சுற்றியிருக்கிற மற்ற அணுக்கள் போதுமான அளவு தூண்டினால் துடிக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். இவ்வளவு எளிய பிராணிகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு முகத்தையோ ஒரு குரலையோ எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கின்றன? அதற்கு ஒரு மாதிரி வேண்டும் என்றார்.

பாமா கமர்ஷியல் தெருவில் சட்டைப் பொத்தான்கள் வாங்கிவந்தாள். கறுப்பு, வெள்ளை. ஒரு பலகையில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பொத்தான் வைத்தாள். கறுப்பு வைத்தால் அந்த அணு துடிக்கிறது, வெள்ளை வைத்தால் சும்மா இருக்கிறது. எந்தக் கட்டத்துக்கு எந்தக் கட்டம் சிநேகம், எதற்கு எது பகை என்பதை எண்களாக எழுதினாள். பிறகு ஏதாவது ஒரு கட்டத்தை எடுத்து, மற்றவை அதன்மேல் செலுத்தும் பலத்தைக் கூட்டிப் பார்த்து, வருகிற விடைப்படி கறுப்பையோ வெள்ளையையோ வைப்பாள். அடுத்த கட்டம். அதற்கடுத்தது. மாற்றுவதற்கு எதுவும் இல்லாமல் பலகை அமைதியாகும்வரை.

அந்தப் பலகைக்கு மூன்று உருவங்களைக் கற்றுக்கொடுத்தாள். ஒரு சிலுவை, ஒரு ஏணி, ஒரு குடம். அவற்றுக்குத் தோதாகச் சிநேகமும் பகையும் அமைந்துவிட்டால் பிறகு உருவத்தைக் கலைக்கலாம். பாதிச் சிலுவையை அழித்துவிட்டுக் கணக்கை ஓடவிட்டால் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மாறி முழுச் சிலுவை தானாக எழுந்து வரும். முதல் தடவை அது நடந்தபோது பாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். ஒரு வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு வீட்டையே நினைத்துக்கொள்கிறோமே, அது இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜோசஃபின் அந்தப் பலகையைப் பார்த்தது இரண்டாம் முறை வந்தபோது.

"எங்க போர்டு மாதிரியே இருக்குதே," என்றாள். "ஆனா உங்க போர்டுல ஆபரேட்டர் எங்க?"

"ஆபரேட்டர் கிடையாது. தாங்களே கூடிப் பேசி முடிவு பண்ணிக்கிறதுகள்."

"அப்ப ராங் நம்பர் நிறைய விழுமே!"

இருவருக்கும் சிநேகமானது அப்படித்தான். ஜோசஃபினுக்கு முப்பத்துநாலு வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில், தான் பிறந்த வீட்டிலேயே, அண்ணன் ஓஸ்வால்டோடும் அண்ணி யூனிஸோடும் இருந்தாள். வலிப்பு வர ஆரம்பித்ததிலிருந்து மெடிக்கல் லீவு. வலிப்புக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அதே குரல், அதே வார்த்தை.

"யாரோட குரல்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று பாமா கேட்டாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"மௌரீன். என் தங்கச்சி. அஞ்சு வயசுல தொண்டை அடைப்பான் வந்து செத்துப்போச்சு. எனக்கு அப்ப ஒன்பது. தொத்து வியாதின்னு பின்னாடி ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. தெறக்கக்கூடாதுன்னு மம்மி என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. அது உள்ள இருந்து கூப்பிட்டுட்டே இருந்துச்சு மேடம். நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில உக்காந்து காதைப் பொத்திக்கிட்டேன். காலையில சத்தம் நின்னுபோச்சு."

"இதெல்லாம் உங்களுக்கு எப்பவும் ஞாபகம் இருந்துதா?"

"இல்ல. அதான் பேஜாரா இருக்கு. ஃபிட்ஸ் வர்றதுக்கு முன்னாடி எதுவுமே ஞாபகம் இல்ல. முதல்ல குரல் வந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு ஃபிட்ஸுக்கும் கொஞ்சம் கொஞ்சமா கதவு, தரை, மம்மியோட சத்தியம், எல்லாம் வந்துச்சு. அந்த ரூம் இன்னும் இருக்கு. விறகு போட்டு வச்சிருக்கோம். நான் உள்ள போறதில்ல."

அன்று பாமா பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது, இருபத்தைந்து வருஷம் ஒரு தலைக்குள் பூட்டிக் கிடந்த குரலைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தாள். அணுக்கள் எதையும் விடுவதில்லை என்று தோன்றியது. பயமாகவும் இருந்தது, கணக்குக்காரிக்கு உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. நவராத்திரி விடுமுறை முடிந்து வந்த ஒரு பிற்பகல். பொத்தான்களை இஷ்டத்துக்குக் கொட்டிக் கலைத்துவிட்டு, எந்த உருவம் எழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்ற வேண்டியவற்றை மாற்றினாள். பலகை அமைதியாயிற்று. அதில் எழுந்து நின்றது சிலுவை இல்லை. ஏணியும் இல்லை, குடமும் இல்லை. ஏணியின் ஒரு கால் இருந்தது. குடத்தின் வாய் இருந்தது. சிலுவையின் ஒரு கை அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. தலை சாய்ந்த ஒரு ஆள் நிற்பதுபோல இருந்தது.

கூட்டலில் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டாள். தப்பில்லை. ஒரு பொத்தானை மாற்றிக் கலைத்துப் பார்த்தாள். கணக்கு அந்தப் பொத்தானைத் திரும்ப அதே இடத்தில் வைத்தது. பாதியை அழித்துப் பார்த்தாள். கற்றுக்கொடுத்த உருவம் எவ்வளவு பிடிவாதமாகத் திரும்பி வருமோ அதே பிடிவாதத்தோடு அந்தத் தலை சாய்ந்த உருவமும் திரும்பி வந்தது. அதை யாரும் அங்கே வைக்கவில்லை. ஆனால் பலகையைப் பொறுத்தவரை அதுவும் ஒரு ஞாபகம். உண்மையானதற்கும் இதற்கும் பலகைக்கு வித்தியாசம் தெரியாது.

அறையில் வேறு யாரும் இல்லை. பாமா தன் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

டாக்டர் சீனிவாசராகவன் பலகையை நின்றபடியே பார்த்தார். "மாடலில் ஒரு குறை, மிஸஸ் சுந்தரேசன். ஏதாவது ஒரு நிபந்தனை சேர்த்து இதை ஒழித்துவிடுங்கள்."

"குறை மாடல்லதானா டாக்டர்? மூளையிலும் இப்படி ஆகலாம் இல்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆகலாம். ஆனால் அதைக் கட்டுரையில் எழுத முடியாது."

பாமாவுக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒரே ஒரு விஷயம். ஜோசஃபின் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாளே, அந்த ஒன்பது வயதுப் பெண்ணை எழுப்பிவிட முடியும். நீ திறக்காமல் விட்ட கதவு என்று ஒன்று இல்லாமலே இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட முடியும். நல்ல எண்ணம்தான். அடுத்த முறை ஜோசஃபின் வந்தபோது பாமா அவளைப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்து அந்த உருவத்தைக் காட்டினாள். இதை நான் கற்றுக்கொடுக்கவில்லை, மற்ற மூன்றின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு தானாக உண்டானது என்று விளக்கினாள்.

ஜோசஃபின் அந்த உருவத்தின் சாய்ந்த தலையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப மௌரீன் கூப்பிட்டது?"

"நடந்தும் இருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். உங்க அண்ணாவை ஒரு தடவை கேட்டுப் பாருங்கோளேன். அவர் உங்களைவிடப் பெரியவர்தானே?"

"நீங்களும் வாங்க மேடம். தனியா கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த நேரத்துக்குப் பாமா ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனாள். ஓட்டு வீடு, முன்னால் ரோஜாத் தொட்டிகள். யூனிஸ் டீயும் அச்சுமுறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். ஓஸ்வால்ட் ரயில்வே ஆபீஸில் தலைமை குமாஸ்தா. சூட்டைக் கழற்றாமல், கழுத்து டையை மட்டும் தளர்த்திவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கை கேட்டதும் அவருக்கு முதலில் புரியவே இல்லை.

"எந்த ரூம்ல பூட்டினாங்க?"

"பின்னாடி ரூம்லண்ணே. விறகு ரூம்."

"ஜோசி, உனக்கு என்னாச்சு? அந்த ரூம் வார் டைம்ல டாடி கட்டினது. யாருக்காவது வாடகைக்கு விடலாம்னு. மௌரீன் போனது முப்பத்தாறுல. அப்ப அங்க ரூமே கிடையாது. ஒரு கொய்யா மரம்தான் இருந்துச்சு."

யூனிஸ் டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்குத் தொண்டை அடைச்சிக்கிச்சு," என்று ஓஸ்வால்ட் மெதுவாகச் சொன்னார். அவருக்கும் இந்தப் பேச்சு கஷ்டமாக இருந்தது தெரிந்தது. "பேச்சே வரல. முதல் நாளே மம்மி ஜட்காவுல தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. அங்கேயே முடிஞ்சிபோச்சு. நீ இங்க இல்லவே இல்ல. உன்னை அன்னிக்கே மர்பி டவுன்ல அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அடக்கம் முடிஞ்சப்புறம்தான் கூட்டிட்டு வந்தோம்."

பாமா ஜோசஃபினின் முகத்தைப் பார்த்தாள். பாரம் இறங்கிய முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று அவள் தயாராக இருந்தாள். ஜோசஃபின் சாப்பாட்டு அறையைத் தாண்டி, பின்கட்டுப் பக்கம் கண்ணை ஓட்டினாள். அங்கிருந்து அந்த அறையின் கதவு தெரிந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த சாதாரணக் கதவு.

"அப்ப என்னைக் கூப்பிடறது யாரு?" என்றாள்.

டீ ஆறிப்போயிற்று.

அதற்குப் பிறகு ஜோசஃபின் பல வாரம் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை. பாமா வராந்தாவில் நடமாட்டம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். வீட்டில் வேலைக்கு நடுவே, யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். ஜகதாம்பாள் "நான் கூப்பிடலையே" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் ஜோசஃபின் வந்தாள். இளைத்திருந்தாள். உட்காரவில்லை.

"அவ முகம் எனக்கு ஞாபகம் இல்ல மேடம். போட்டோ ஒண்ணுகூட இல்ல. எனக்குன்னு இருந்தது அந்தக் குரல் ஒண்ணுதான். தப்பு பண்ணவள்னு என்னை நானே திட்டிக்கிட்டாலும், அவ என்கிட்ட பேசிட்டு இருந்தா. அதையும் பொய்யின்னு ஆக்கிட்டீங்க."

"பொய்ன்னு நான் சொல்லலை, ஜோசஃபின்."

"பின்ன என்னான்னு சொன்னீங்க?"

பாமா ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"கோவத்துல சொல்லல மேடம்," என்று ஜோசஃபின் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒரு உதவி கேக்கத்தான் வந்தேன். அடுத்த வாரம் டாக்டர் என் கண்ணு முன்னாடி லைட்டை மின்னவிட்டு டெஸ்ட் பண்ணப் போறாரு. நான் மாத்திரைய நிறுத்திட்டேன். அவர்கிட்ட சொல்லாதீங்க."

பாமா அதிர்ந்துபோனாள். சீராக மின்னி அணையும் வெளிச்சம் சிலருடைய மூளையைத் தன் தாளத்துக்கு இழுத்துக்கொள்ளும். மாத்திரை இல்லாமல் அதைச் செய்தால் வலிப்பு நிச்சயம். "உயிருக்கே ஆபத்தாயிடலாம். என்ன பைத்தியக்காரத்தனம் இது?"

"அவ கூப்பிடுவா. மௌரீனோ, இல்ல நீங்க சொல்ற மாதிரி யாரும் வைக்காத ஒண்ணோ, யாரா இருந்தாலும் சரி. இத்தனை வருஷம் போர்டுல உக்காந்தவ நான். கூப்பிட்ட லைனுக்குப் பதில் சொல்லாம விட்டதில்ல. ஒரே ஒரு தடவை பதில் சொல்லிட்டு வந்துடறேன். அப்புறம் நீங்க குடுக்கிற மாத்திரை எல்லாத்தையும் முழுங்கறேன்."

டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் முழுக்க டாக்டரின் அறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் பாமாவின் கால் தயங்கியது. ஆனாலும் அவள் சொல்லவில்லை. ஜோசஃபினிடம் இருந்த ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டுவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. இன்னொன்றையும் எப்படி எடுத்துக்கொள்வது?

சோதனை நாளன்று ஜோசஃபினை, வெளி மின்சாரம் குறுக்கிடாதபடி கம்பிவலை அடித்த அறைக்குள் படுக்கவைத்தார்கள். தலை நிறைய மின்கம்பிகள். இந்தப் பக்கம் இயந்திரத்தில் காகிதம் ஓடியது, பேனாக்கள் வரிசையாகக் கீறிக்கொண்டே போயின. பாமா காகிதத்தின் பக்கத்தில் நின்றாள். டாக்டர் விளக்கைப் போட்டார். வெளிச்சம் மின்னி அணைந்தது, மின்னி அணைந்தது. வேகத்தை மெல்லக் கூட்டினார். பேனாக்கள் முதலில் தம் போக்கில் கிறுக்கிக்கொண்டிருந்தன. பிறகு ஒன்று, இன்னொன்று என்று விளக்கின் தாளத்துக்கு வந்தன. தனித்தனியே பேசிக்கொண்டிருந்த கூட்டம் திடீரென்று ஒரே குரலில் ஓதுவதுபோல எல்லாப் பேனாவும் சேர்ந்து ஏறி இறங்கின.

ஜோசஃபினின் கண்கள் மூடியிருந்தன. எதையோ கேட்பவள்போல முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"தெறந்துட்டேன்டி," என்றாள் ஜோசஃபின், தெளிவாக. "வா."

உடனே பேனாக்கள் காகிதத்தின் விளிம்புவரை எகிறின. மை தெறித்தது. அவள் உடம்பு வில்லாய் வளைந்தது.

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே ஓடினார். வலிப்பு நிற்கவில்லை. ஒரு ஊசி போட்டும் நிற்கவில்லை. இரண்டாவது ஊசிக்குத்தான் அடங்கியது. அதற்குள் ஜோசஃபினின் உதடுகள் நீலம் பாரித்துவிட்டன. ஆயா கன்னடத்தில் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே அவள் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை சாப்பிட்டுத்தானே வந்தாள்?" என்று டாக்டர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"இல்லை டாக்டர். எனக்குத் தெரியும்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்கள் கணக்குப் பார்க்க வந்தவர், மிஸஸ் சுந்தரேசன்," என்றார். அதற்கு மேல் அன்று அவர் அவளோடு பேசவில்லை.

ஜோசஃபின் சாயங்காலம் கண் விழித்தாள். பேச்சு குழறியது. பாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"கூப்பிட்டா. நான் கதவைத் தெறந்தேன். உள்ள ரூம் இல்ல மேடம். கொய்யா மரம் நின்னுச்சு. மழை பெஞ்சு இலையெல்லாம் சொட்டிட்டு இருந்துச்சு. ஒரு கிளை மட்டும் ஆடிட்டு இருந்துச்சு. இப்பத்தான் யாரோ அதுல இருந்து எறங்கி ஓடின மாதிரி." அவள் கண்ணோரம் நீர் வழிந்தது. "அது நெசம்தானே மேடம்? அங்க மரம்தானே இருந்துச்சு? அப்ப எனக்கு நெசமாவே அது ஞாபகம் இருந்திருக்கு."

கொய்யா மரத்தைப் பற்றி ஓஸ்வால்ட் சொன்னது பாமாவின் காதில் அப்படியே இருந்தது. சொல்லி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டீ மேஜையில் கேட்ட ஒரு மரம், ஒரு பச்சைக் கதவு, மழை. துண்டுகள் ஒட்டிக்கொள்வதற்கு இவ்வளவு போதும். அதைச் சொல்ல நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"ஆமாம்," என்றாள் பாமா. "மரம்தான் இருந்தது."

அதற்குப் பிறகு ஜோசஃபின் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மாத்திரையை ஒருவேளையும் விடவில்லை. வலிப்பு குறைந்தது, பிறகு நின்றே போயிற்று. குரலும் வரவில்லை. கோடைக்கு முன்னால் வேலைக்குத் திரும்பினாள். போர்டில் உட்காரவைக்காமல் டைரக்டரி விசாரணைப் பகுதிக்கு மாற்றினார்கள். ஒருநாள் பிரிகேட் ரோடில் பாமாவைப் பார்த்தவள், "இப்ப ஒண்ணும் கேக்கறதில்ல மேடம். லைன் டெட்," என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, பேச்சுக்கு நடுவே அடிக்கடி நிறுத்தி, தெருவின் இரைச்சலுக்குள் எதையோ தேடுவதுபோல முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். விடைபெற்றுப் போகும்போதும் அப்படியே போனாள்.

கட்டுரை வெளிவந்தது. அந்தத் தலை சாய்ந்த உருவத்தைப் பற்றிய பத்தியை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பாமா எடுக்க மறுத்தாள். கடைசியில் அது சிறிய எழுத்தில் அடிக்குறிப்பாக நின்றது. யாரும் அதைப் பற்றி எழுதிக் கேட்கவில்லை.

பாமாவை மட்டும் அது விடவில்லை. பொத்தான்களைப் பையில் கட்டிப் பரண்மேல் போட்ட பிறகும், பலகை அவள் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட மைதானம் ஞாபகம் வரும். உடனே, இதை யார் வைத்தார்கள் என்று தோன்றும். அப்பா சைக்கிளில் அழைத்துப்போன சாலை ஞாபகம் வரும். அது தானாக ஒட்டிக்கொண்டதாக இருந்தால் எப்படித் தெரியும்? உள்ளே இருந்து பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் அவளுடைய கணக்கின் விடை. அதை அவளே நிரூபித்திருந்தாள். சில நாட்கள் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுவாள். மாணவிகள் காத்திருப்பார்கள்.

ஒரு ஞாபகத்தை மட்டும் அவள் தொடாமல் வைத்திருந்தாள். சுந்தரேசன் போன நாள். பாங்கில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். காலையில் வேலைக்குக் கிளம்பியவர் வாசல் கேட்டில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார். கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது. "சாயங்காலம் பூ வாங்கிண்டு வரேன்," என்றார். அவள் தலையில் வைத்துக்கொள்ள. அவள் சிரித்தாள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தை அவள் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் கடந்திருந்தாள்.

கேட்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஜோசஃபினின் முகத்தைப் பார்த்த பிறகும் கேட்பாளா? ஆனால் ஒரு ஆவணி மாத வெள்ளிக்கிழமை, மாமியாரும் அவளும் கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தபோது, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அம்மா, அன்னிக்கு அவர் கேட்டண்டை திரும்பி என்னமோ சொன்னாரே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஜகதாம்பாளின் விரல் நாரில் நின்றது. "ஞாபகம் இல்லாம? சாயங்காலம் பூ வாங்கிண்டு வரேன்னான். ஸ்வாமிக்குப் பூ இல்லைடான்னு நான்தானே வாசல்வரைக்கும் போய்ச் சொன்னேன். அதுக்குத்தானே திரும்பினான்."

"நான் எங்க இருந்தேன்?"

"நீ கொல்லையில ஜலம் இறைச்சிண்டிருந்தே. ராட்டினம் சத்தம் கேட்டுண்டிருந்ததே."

பாமா மருமகளாக வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் ஒரு பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. கண்ணாடியில் மின்னிய வெயில் அவளுக்கு இன்னும் தெரிந்தது. கூடவே, எங்கிருந்தோ, கிணற்று ராட்டினத்தின் கிறீச்சொலியும் கேட்க ஆரம்பித்தது. அது இதற்கு முன் அந்தக் காலையில் இருந்ததே இல்லை. இப்போது இருந்தது.

ஜகதாம்பாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார்.

"உன்னைப் பார்த்துத்தான் சொன்னானோ என்னமோ," என்றார் மெதுவாக. "எனக்கும் வயசாயிடுத்து. எதை எங்க பார்த்தேன்னு நிச்சயமாச் சொல்லத் தெரியலை."

"இல்லைம்மா. உங்ககிட்டதான் சொல்லியிருப்பார். ஸ்வாமிக்குத்தான்."

"இல்லைடி. உனக்குத்தான் இருக்கும். உனக்கு மல்லின்னா உசிராச்சே."

"உங்களுக்குத்தாம்மா."

இருவரும் மாறி மாறி அதை விட்டுக்கொடுத்தார்கள். மாலையைத் தொடுத்து முடித்து ஸ்வாமி படத்துக்குச் சாத்தினார்கள். அந்த வாக்கியத்தைப் பற்றி அந்த வீட்டில் மறுபடி ஒருபோதும் பேச்சு எழவில்லை. பாமா அந்த வாசலை நினைத்துப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியாமல் எப்போதாவது நினைத்துப் பார்த்தபோதெல்லாம், அவர் கேட்டைத் திறந்துகொண்டு, யார் பக்கமும் திரும்பாமல் தெருவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.